சவரம் செய்த முகம்

1

இந்தக் கதை இலங்கை மலையகத்தில், டயகம பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு புருஷனும் பொஞ்சாதியும். அவர் காதோரம் சவர்க்கார நுரை காய்ந்திருந்தது. வழியில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பதமாக எழுதச் சொல்லாதீர்கள். கேள்வியைப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் நானாக வைத்துக்கொண்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தேயிலை மலையில் நின்று அமிர்தநாதன் வானத்தைப் பார்த்து அலறினார். சட்டையைக் கிழித்து—

[வேண்டாம். மனநோய் என்றதும் என் கை தானாக ஒருவர் சட்டையைக் கிழிக்கப் போகிறது. வெட்கக்கேடு.]

மறுபடியும்:

"தாடைய ஆட்டாதீங்க," என்றாள் அவர் பொஞ்சாதி இசபெல், சவரக் கத்தியைப் பிடித்தபடி.

"எங்க போறோம்?"

"ஒபீசுக்கு. நேத்தே சொன்னேன்ல?"

அமிர்தநாதன் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் வேலை செய்தவர். சில வருடங்களாக அவருக்கு மட்டும் குரல்கள் கேட்கின்றன. மாத்திரை போட்டால் குரல்கள் தணியும். ஆனால் அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோவார், சில நாள் கட்டிலை விட்டே எழும்ப மாட்டார். தனியே விட முடியாது. கூட இருந்தால் இசபெலுக்குக் கொழுந்து பறிக்கும் மலையில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மலைக்குப் போனாலோ கிளினிக் தவறும், மாத்திரை தீரும். இப்படிப்பட்டவர்களுக்கென்று அரசாங்கத்தில் உதவிப் பணமாக ஒரு கொடுப்பனவு இருக்கிறது. மனநோயும் அதில் சேர்த்திதான் என்று டாக்டரே சொல்லிக் கடிதம் கொடுத்தார். அதை நம்பித்தான் இசபெல் கொடுப்பனவு ஒபீசுக்குப் புறப்பட்டாள்.

3

லயத்து வரிசை வீட்டு ஆள் ஒபீசுக்குப் போவதென்றால் பூசைக்குப் போகிற மாதிரி. தோட்டத்து ஆள் என்று எவரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது. அதனால் சவரம், தலைக்கு எண்ணெய், நத்தார் பண்டிகைக்கு எடுத்த சட்டை. பெயரைக் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கும்பிட வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழக்கியும் இருந்தாள். பாவி மகள், செய்த தப்பே அதுதான்.

"குட் மோர்னிங் சேர்," என்றார் அமிர்தநாதன், சொல்லிக்கொடுத்தபடியே.

உத்தியோகத்தர் மேலும் கீழும் பார்த்தார். "அதபய ஹொந்தய்னே!" கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு என்கிறார், சிங்களத்தில். பிறகு அரைகுறைத் தமிழில், "இந்த ஆளுக்கு ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போகலாம்."

"மாத்திரையால நல்லா இருக்காருங்க சேர். நான் கூடவே இருக்கறதாலயும்."

"அடுத்த மாசம் கூட்டிட்டு வா. பார்ப்போம்."

டாக்டரின் கடிதம் மேசையில் மடித்தபடியே கிடந்தது.

[அவருக்கும் வேலைப் பளு, வெளியே நீண்ட வரிசை, பாவம்— அடித்துவிட்டேன். நான் எதற்கு அவருக்கு வக்காலத்து வாங்க? ஒரு கடிதத்தைப் பிரிக்க எவ்வளவு தெம்பு வேண்டும்?]

4

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாயாண்டி நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் தங்கச்சி, மாப்பிள்ளை மாதிரியா ஜோடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்க? அடுத்த தடவ தாடியோட போங்க. முன்னாடியே மாத்திரைய நிப்பாட்டிருங்க. அங்க போய் ரெண்டு கத்து கத்தட்டும், கையெழுத்து தானா விழும்."

"நிப்பாட்டுனப்போ என்ன ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்களேண்ணே. தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில நின்னுக்கிட்டு என்னையவே யாருன்னு கேட்டாரு."

"நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஒபீசை அவர் சரியாகவே அளந்து வைத்திருக்கிறார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குணமாக வைத்துக்கொண்டால் உதவி கிடையாது, உதவி வேண்டுமென்றால் கெடுத்துக்கொண்டு வா. என்ன நியாயம்டா இது?

5

முடிவு ஒன்று: மாத்திரையை நிறுத்தினாள். அமிர்தநாதன் ஒபீசில் கத்தினார். கையெழுத்து விழுந்தது, பணம் வந்தது. அமிர்தநாதன் மட்டும் பழையபடி திரும்பி வரவில்லை.

முடிவு இரண்டு: மறுபடியும் சவரம் செய்து கூட்டிப்போனாள். மறுபடியும்—

முடிவு மூன்று: அந்த உத்தியோகத்தர் நாற்காலிக்குப் புதிதாக ஒரு நல்ல மனுஷர் வந்திருந்தார்— [சீ. யாரை ஏமாற்ற?]

6

பஸ்ஸில் அவர் கேட்டது இதுதான்:

"நான் இன்னும் கொஞ்சம் கிறுக்கனா இருந்திருக்கணுமா, புள்ள?"

இசபெல் ஜன்னல் பக்கம் திரும்பியது இதற்குத்தான்.

ஒபீசில் சொன்ன மாதம் வந்துவிட்டது. மாத்திரை அட்டையைப் பெட்டிக்குள் ஒளித்தாள், பிறகு அவளே வெளியே எடுத்து, தண்ணீரோடு அவர் கையில் கொடுத்தாள். முகத்துக்கு நுரை போட்டாள். இத்தோடு நான் நிறுத்துகிறேன். ஒபீசுக்குள் அவர்களை நான் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்.

நீங்கள் போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள். சட்டையைக் கிழிக்காத அமிர்தநாதனைப் பார்த்து, இவருக்கு அப்படி என்ன நோய் என்று நீங்களும் கொஞ்சம் யோசித்தீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். இதோ வந்துவிட்டார். நத்தார் சட்டை, சவரம் செய்த முகம். "குட் மோர்னிங் சேர்" என்கிறார். கடிதம் உங்கள் முன்னால் மடித்தபடி இருக்கிறது.

பிரித்துப் படியுங்கள். இசபெல் நின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்கு அங்கே நாற்காலி போடவில்லை.