ஒன்பதாவது ஃபர்மா

மேசையைச் சுற்றி நடப்பதுதான் நாகம்மாவுக்கு வேலை. வங்காளத்தில், கஸ்பாவில் இருந்த அந்த பைண்டிங் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நடக்கிறாள். நீள மேசையில் பதினான்கு குவியல்கள். பதினாறு பக்கமாக மடித்த தாளுக்கு அங்கே ஃபர்மா என்று பெயர். குவியலுக்கு ஒரு ஃபர்மாவாக எடுத்துக்கொண்டே மறுகோடி போய்ச் சேர்ந்தால் இடதுகையில் ஒரு புத்தகம் இருக்கும். ஒவ்வொரு ஃபர்மாவின் முதுகிலும் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டை அச்சாகியிருக்கும். சரியாக அடுக்கினால் கட்டைகள் மாடிப்படி மாதிரி இறங்கும். ஒரு படி விட்டுப்போனாலும், இரண்டு படி ஒரே மட்டத்தில் வந்தாலும் தப்பு. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. வங்காளம் பேச வரும், படிக்க வராது. படி தெரியும்.

ஆறு மாதமாக இடது கண்ணில் பால் ஊற்றியது போல மங்கல். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வருகிற பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். கம்பெனியில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் மூன்று வாரமாக அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் மடங்கிக் கிடந்தது. கட்டிங் மிஷினில் நின்ற சிவலிங்கத்துக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்த வாரமே மாலை போட்டு, மிட்டாய்ப் பெட்டி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை அவள் பார்த்துக்கொண்டு நின்றவள்.

"மாஷி, இந்தப் பக்கம் வா."

கூப்பிட்டவன் சூப்பர்வைசர் ஷ்யாமல். கூடத்தில் எல்லோருக்கும் அவள் மாஷி, அதாவது சித்தி. அவன் கையில் டன்வெல் புத்தகம் ஒன்று இருந்தது. டன்வெல் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கால்பந்து கிளப்பின் சரித்திரத்தை அறுநூறு பிரதி போட்டுத்தரச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. போன வாரமே நாகம்மா அடுக்கி, தையலும் முடிந்து, மூன்று ஓரமும் வெட்டியாயிற்று. அட்டை போடுவதுதான் பாக்கி. ஷ்யாமலுக்குப் பின்னால் புரூஃப் பார்க்கும் விஸ்வநாதன் நின்றார். பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அந்தக் கூடத்தில் அவளோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான்.

"ஒம்பதாவது ஃபர்மா பழசு" என்றான் ஷ்யாமல் வங்காளத்தில். "அவங்க மாத்தச் சொல்லி, புதுசா அடிச்சு அந்தச் செவுத்தோரம் வெச்சிருக்கு. நீ ரத்தானதை எடுத்து அடுக்கியிருக்க. அறுநூறும் போச்சு."

நாகம்மா கையில் இருந்த தாள்களை மேசையில் தட்டிச் சமமாக்கினாள். "மூலை வெட்டியிருந்துச்சா?"

ரத்தான ஃபர்மா என்றால் அந்தக் குவியலின் ஒரு மூலையைக் கத்தியால் சீவிவிட வேண்டும். அது அந்தக் கூடத்துப் பழக்கம். படித்தவனோ படிக்காதவனோ, தொட்டதும் தெரிந்துவிடும்.

"சீட்டு ஒட்டியிருந்துச்சே. சிவப்பு மையில விஸ்வநாதன் பாபு கேன்சல்னு எழுதி ஒட்டினார்."

"சீட்டு எல்லாக் குவியல் மேலயும்தான் இருக்கு, எண்ணிக்கை எழுதி. அதக் கிழிச்சு டப்பாவுல போட்டுட்டுத்தானே நான் ஆரம்பிப்பேன். சிவப்பு எழுதினாலும் நீலம் எழுதினாலும் எனக்கு ஒண்ணுதான், ஷ்யாமல்பாபு. மூலைய வெட்டணும்ல?"

எதிர்ப்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்த சாதனா தலை நிமிராமல் சொன்னாள்: "பூஜைச் சந்தா வசூலுக்கு மட்டும் இவர் ஒரு மூலையும் விடமாட்டார்."

யாரோ சிரித்தார்கள். நாகம்மா சுவரோரம் போனாள். அறுநூறுக்கு மேல் அடித்ததில் மிச்சம் ஐம்பது அறுபது பழைய ஃபர்மா மரப்பலகை மேல் கிடந்தது. அதைத் தூக்கிவந்து ஷ்யாமல் முன்னால் வைத்தாள். நாலு மூலையும் முழுசாக இருந்தன. சாதனாவும் வந்து எட்டிப் பார்த்தாள். ஷ்யாமல் கைபேசியை எடுத்து எதையோ தேடினான்.

"நாலு மணிக்கு மாலிக் வருவார். அவர்கிட்ட சொல்லிக்கோ." முதலாளிக்கு அங்கே மாலிக் என்று பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் விஸ்வநாதனின் மேசைக்குப் போனாள். அவர் தயிர்சாதத்தை முடித்து டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அதுல இன்னா இருக்குது? எதுக்கு மாத்துனாங்க?"

அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "தோல் பதனிடற எடத்துல வேலை பாத்தவா ஆரம்பிச்ச கிளப் இது. ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணு. தோல் காயப்போடற பொட்டல்லதான் முதல் மேட்ச் ஆடியிருக்கா."

"எங்க வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்புனு சொல்லுவோம் சார். அந்த நாத்தத்துலயா ஓடுனாங்க?"

"ஓடினது மட்டுமா, கப்பும் ஜெயிச்சிருக்கா. அப்புறம் இருபத்தேழுல மரத்துல கட்டின காலரி சரிஞ்சு ஏழு பேர் போயிட்டா. மரம் உளுத்துப் போயிருக்குன்னு கமிட்டிக்கு மூணு லெட்டர் வந்தது, கமிட்டி கண்டுக்கலைன்னு பழைய பக்கத்துல இருக்கு. அந்தக் கமிட்டித் தலைவரோட பேரன்தான் இப்போ புஸ்தகத்துக்குச் செலவு பண்றார்."

"புதுசுல?"

"லெட்டரைப் பத்தி ஒண்ணும் இல்லை. கேட்ல நின்னவன் அளவுக்கு மேல ஆளை உள்ள விட்டுட்டான்னு போட்டிருக்கு."

"அவன் பேரு?"

"போடலை."

"அப்புறம் அவன் இன்னா ஆனான் சார்?"

விஸ்வநாதன் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். "அதெல்லாம் போடலை, நாகம்மா."

அவள் பழைய ஃபர்மாவை எடுத்து ஏழு பேரும் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் விரல் வைத்த இடத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஏன் மூக்குல ஒட்டிண்டு பாக்கறே?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். தமிழில் கேட்டதும் சொல்லிவிட்டாள். கண்ணைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள், தாளையும் எடுத்துக் காட்டினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். மாலிக்குகிட்ட அந்த மூலை விஷயம் மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"சொல்லாம இருப்பேனா? தாளைக் குடு. சமயம் பாத்து நானே கையெழுத்து வாங்கித் தரேன்."

தாள் அவர் சட்டைப்பைக்குள் போயிற்று. மூன்று வாரப் பாரம் இறங்கினது போல இருந்தது நாகம்மாவுக்கு. பிற்பகல் முழுவதும் வேகமாக நடந்தாள்.

மாலிக் நாலரைக்கு வந்தார். ஷ்யாமல் அவரை நேராகச் சுவரோரம் கூட்டிப்போய் மிச்சக் குவியலின் மேல்தாளைத் தூக்கிக் காட்டினான். வலதுமேல் மூலை இல்லை. அடியிலும் இல்லை. குவியல் முழுக்கச் சாய்வாகச் சீவியிருந்தது.

நாகம்மா கிட்டே போய் விரலால் தடவினாள். மற்ற ஓரங்களில் ஒரு வாரத் தூசி. சீவின இடம் உரித்த தேங்காய் போல வெள்ளையாக இருந்தது.

"இது இப்ப வெட்டினது, மாலிக். காலைல முழுசா இருந்துச்சு. சாதனா பாத்தா."

சாதனா மேசையின் மறுகோடியில் ஃபர்மா எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். தைத்த புத்தகங்களில் பார்க்கலாம் என்றால், ஓரம் வெட்டியதில் எல்லா மூலையும் போயிருந்தது.

"விஸ்வநாதன் பாபு, நீங்க என்ன சொல்றீங்க?" என்று மாலிக் கேட்டார்.

விஸ்வநாதன் ஒரு அடி முன்னால் வந்தார். மெதுவான, சுத்தமான வங்காளத்தில் பேசினார். "இவளைக் குத்தம் சொல்லக்கூடாது. பாவம், கண்ணுல சானி. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். மூலை வெட்டியிருந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்காது." சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மாலிக்கிடம் நீட்டினார்.

சானி என்றால் கண்புரை. அந்த வார்த்தையை ஆஸ்பத்திரியிலேயே அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

மாலிக் தாளைப் படித்தார். கோபப்படவில்லை. "முன்னாலயே சொல்லக்கூடாதா, மாஷி? இந்தக் கண்ணோட இந்த வேலை செய்யலாமா?"

"மாலிக், காலைல மூலை..."

"போதும், விடு." தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இங்க வேலையில இருக்கன்னு நான் இனிமே எப்படிக் கையெழுத்துப் போட?" பிறகு ஷ்யாமல் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை பார்சல் போயாகணும். அறுநூறையும் பிரிச்சு, புதுசை வெச்சு, யார் தைக்கிறது?"

"மாஷிதான். வேற யார் பிரிச்சாலும் முதுகு கிழிஞ்சுடும்."

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

அவர்கள் கண்ணாடி அறைக்குள் போனார்கள். விஸ்வநாதன் மட்டும் நின்றார்.

"இன்னாங்க சார்" என்றாள் நாகம்மா.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். கவனக்குறைவுன்னு பேர் வராம..." அவர் தன் மேசைக்குப் போய் விளக்கைப் போட்டார்.

ஷ்யாமல் முதல் புத்தகக் கட்டைக் கொண்டுவந்து அவள் காலடியில் இறக்கினான். நாகம்மா சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பிளேடால் தையலை அறுத்து, ஏழு பேரும் மூன்று லெட்டரும் இருந்த ஃபர்மாவை உருவிப் பக்கத்துக் கூடையில் போட்டாள். புதியதைச் செருகி, முதுகில் விரலை ஓட்டினாள். படி சரியாக இறங்கியது. மெழுகு நூலை வாயில் வைத்து நனைத்து, ஊசியை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தாள். நூல் ஒரே தடவையில் காதுக்குள் போயிற்று.