சைலன்சரில் சொட்டிய தண்ணீர்

கனடாவில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது என் மகன் கிறிஸ்டோவுக்குக் கைவந்த கலை. அவன் அப்பா ஞானாபரணம் இறந்ததும், "காரைத் தெனமும் ஸ்டார்ட் பண்ணுங்கம்மா, இல்லீன்னா பேட்டரி போயிரும்" என்றான். இப்போது, "சும்மாதான நிக்குது, வித்துப்போடுங்கம்மா" என்கிறான். சும்மா நிற்கிறதாம்!

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காலை ஜெபம் முடிந்ததும் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்துவிட்டு, சுற்றி வந்து இடப்பக்க சீட்டில் ஏறிக்கொள்வேன். அவர் ஓட்டும்போது அதுதான் என் இடம். காலியான டிரைவர் சீட்டைப் பார்த்து, "ஏனுங்க" என்று ஆரம்பித்து, பால்காரர் வராததிலிருந்து என் முட்டிவலி வரை ஒப்பிப்பேன். இன்ஜின் ஓடுகிறவரை வீட்டில் இன்னொருவர் இருப்பதுபோல இருக்கும். அந்த வண்டியும் போய்விட்டால் இந்தச் சிங்காநல்லூரில் நான் பேச ஆளே இல்லை.

நல்லவேளை, ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டும். வண்டியை வாங்க முதலில் பார்க்க வந்தவர், இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பயந்து ஓடினார். அடுத்தவரும் அப்படியே. நானோ மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் அறிவியல் நடத்தியவள். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். குளிர்ந்த குழாயில் பட்டால் அது தண்ணீராகும். கொஞ்ச தூரம் ஓடிக் குழாய் சூடானால் தானாகக் காய்ந்துவிடும். என் வண்டிதான் வாசலைத் தாண்டுவதே இல்லையே. இதையெல்லாம் அவர்களிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

மூன்றாவதாகப் பவன் வந்தான். கூடவே அவன் மனைவி லாஸ்யா, நிறைமாத வயிற்றோடு.

"ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போய்ட்டு வாரதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போகுதுங்கம்மா" என்றாள். காபியை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தாள். அவன் ஏதோ கிண்டல் செய்ய, இரண்டு பேரும் சிரித்தார்கள். என் ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பவன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். தண்ணீர் சொட்டியது.

"ஏனுங்கம்மா, இதென்னங்க தண்ணி வருது?"

"தெரியலையே கண்ணு."

அவன் முகம் தொங்கிப் போனது. "வேண்டாம் லாஸ்யா. இன்ஜின் செலவு வெச்சுப்போடும்" என்றான். இருவரும் விடைபெற்றுக் கிளம்பினார்கள்.

ஜெயித்துவிட்டேன். கேட்டைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வெயிலில் மூச்சு வாங்க நின்றிருந்தாள். பாழாய்ப்போன மனசு, கேட்குமா?

"பவன்! நில்லு கண்ணு!"

எல்லாவற்றையும் சொன்னேன், தெரியாது என்று பொய் சொன்னதையும் சேர்த்து. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தர்லாமுங்களா?" என்றான். சூலூர் வரை போனோம். என் இடத்தில் லாஸ்யா உட்கார்ந்தாள். நான் முதல்தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டு வாசலில் பவன் குனிந்து பார்த்தான். "சொட்டுக்கூட இல்லீங்கம்மா!"

இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அழுகை வந்தது.

இரண்டு நாளில் வந்து எடுத்துப் போனார்கள். மறுநாள் ஜெபம் முடிந்ததும் கை பழக்கதோஷத்தில் சாவி மாட்டும் ஆணிக்குப் போனது. போர்டிகோவுக்கு வந்தேன். தினமும் தண்ணீர் சொட்டிய இடத்தில் ஒரு கறை மட்டும் காய்ந்து கிடந்தது. குடிக்கக் கொண்டுவந்திருந்த டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் அதன்மேல் ஊற்றினேன்.

"ஏனுங்க, எனக்குப் பைத்தியம் புடிச்சுப்போச்சுங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

யாரைப் பார்த்துக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.