எது கடைசியில்

ஸ்ரீலக்ஷ்மி வீட்டில் வேதாந்தம் குடித்த கடைசிக் காபி அதுதான். தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆனி மாதத்து ஞாயிறு காலை. மயிலாப்பூரில் அந்த ஒன்பது வீட்டு ஃப்ளாட்டுக்கு அவர்தான் செயலாளர், கீழ்த்தளத்தில் குடியிருந்தார். ஸ்ரீலக்ஷ்மியின் கணவர் வெங்கடரமணன் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீடு இரண்டாம் மாடி. அவருக்கு இதயம் பலவீனம், படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

மாலையில் கூட்டம். லிஃப்ட், தண்ணீருக்கு ஒரு போர், கார் ஷெட் மூன்றில் அந்த வருஷம் ஒன்றுதான் செய்ய முடியும். முதலில் இரண்டை எடுத்துக் கை தூக்கி, ஜெயித்ததை மூன்றாவதோடு நிறுத்தி மறுபடி கை தூக்கித் தீர்மானிப்பது அங்கே வழக்கம்.

வெங்கடரமணன் ஒரு பழைய உறையின் பின்னால் எழுதிக் காட்டினார்.

"இதைப் பாரும் ஓய். மேல்மாடி மூணு ஆத்துக்கும் முதல்ல லிஃப்ட், அப்புறம் போர், கடைசியா ஷெட். நடுமாடிக்கு போர், ஷெட், லிஃப்ட். கீழ நீங்க மூணு பேரும் ஷெட், லிஃப்ட், போர். வாசலைத் தோண்டறதுன்னாலே உங்களுக்கு ஆகாதே. லிஃப்ட் போரை ஜெயிக்கும். போர் ஷெட்டை ஜெயிக்கும். ஷெட் லிஃப்டை ஜெயிக்கும். எல்லாமே ஆறுக்கு மூணு."

"அப்போ எதுதான்யா ஜெயிக்கும்?"

"எதைக் கடைசியா விடறீரோ, அது."

"அடப்பாவி! இத்தனை நாளா சும்மாவா கையைத் தூக்கிண்டிருந்தோம்!"

"அதான் சொல்றேன், வரிசையைத் திருவுளச்சீட்டுப் போட்டு எடும். லிஃப்டைக் கடைசியா விடும்னு கேக்க மாட்டேன். அது நியாயமில்லை."

"நான் இருக்கேன் ஓய்," என்றார் வேதாந்தம்.

மாலையில் சீட்டு எதுவும் வரவில்லை. "நாழியாறது. முதல்ல லிஃப்டா, போரா?" என்றார் வேதாந்தம். லிஃப்டுக்கு ஆறு கை. மேல்மாடிக்காரர்கள் சிரித்துக்கொண்டார்கள். "சரி, இப்போ லிஃப்டா, ஷெட்டா?"

"சொல்லுங்கோளேன்," என்று ஸ்ரீலக்ஷ்மி கிசுகிசுத்தாள்.

"எனக்காகக் கேட்டேன்னு ஆயிடும், விடு."

ஷெட்டுக்கு ஆறு கை. அவர்கள் பக்கம் திரும்பாமலே வேதாந்தம் பெரும்பான்மை முடிவு என்று நோட்டில் எழுதினார்.

ஐப்பசியில், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வெங்கடரமணன் முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வெளியே நல்ல மழை. வேதாந்தம் ஷெட்டிலிருந்து தன் காரை வெளியே எடுத்து நிறுத்தி, உள்ளே அவரைக் கிடத்த இடம் செய்து கொடுத்தார்.

"சீட்டு எழுதி வெச்சிருந்தேளா அன்னிக்கு?" என்று கேட்டாள் ஸ்ரீலக்ஷ்மி.

"எல்லாரும் கை தூக்கினதுதானே, மன்னி."

அவள் இன்னும் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறாள். கீழிருந்து முப்பத்தெட்டுப் படி.