கனடாவில் ஐஸ் இல்லையாம்

கனடாவில் இந்த வருஷம் ஐஸ் உறையவில்லை என்று மாப்பிள்ளை டெலிபோனில் சொன்னபோது தாணுமாலயன் அதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. சாலை பஜாரில் முப்பது வருஷமாகத் தாழ்ப்பாளும் ஆணியும் விற்கிற மனிதர். சரக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மொத்த வியாபாரிகள் எத்தனை விதமாகப் புளுகுவார்கள் என்பது அவருக்கு அத்துபடி. லாரி கவிழ்ந்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது, கொச்சியில் ஸ்ட்ரைக், முதலாளியின் மாமியார் இறந்துவிட்டாள், எல்லாம் கேட்டாயிற்று. கனடாவில் ஐஸ் இல்லை என்று ஒருவன் துணிந்து சொல்வான் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஐஸ் இல்லியாம், கேட்டியாட்டி?" என்றார் மனைவி சுப்புலக்ஷ்மியிடம். "அதும் கனடாவுல! நாளைக்கு சங்குமுகத்துல கடலு இல்லன்னு சொல்லுவான்."

"ஏன், இருக்கப்பிடாதா? பூமியே சூடாகிட்டு வருதுன்னு டிவியில சொல்லுகாம்லா."

"சொன்னவன் கைய வச்சுப் பாத்தானாமா?"

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் ஸ்வப்னாவுக்கு வடசேரிக்காரப் பையன் கிருஷ்ணகுமாரை நிச்சயம் பண்ணியிருந்தது. அவனுக்கு ஒட்டாவா பக்கத்தில் ஒரு சிறிய ஊரின் நகரசபையில் வேலை. குளிர்காலம் வந்தால் ஊர் மைதானங்களில் ஐஸ் தளம் போடுவது அவன் பொறுப்பு. சுற்றிலும் பலகை அடித்து, ராத்திரிக் குளிரில் குழாய் பிடித்துத் தண்ணீர் விடவேண்டும். ஒரு பாளம் உறைந்தபின் அதன்மேல் இன்னொரு பாளம். அந்த ஊர்ப் பிள்ளைகள் அடியில் கத்தி வைத்த பூட்ஸைக் கட்டிக்கொண்டு அதில் சறுக்குவார்களாம், வளைந்த மட்டையை வைத்துக்கொண்டு ஹாக்கி ஆடுவார்களாம். மார்கழியிலிருந்து பங்குனி வரை அவனுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. கோடையில் பூங்கா வேலை. ஆகவே வைகாசியில் பதினைந்து நாள் லீவு, வந்த கையோடு கல்யாணம், முடிந்த கையோடு விமானம் என்று பேச்சு.

இந்த அவசரம் தாணுமாலயனுக்கு வெல்லமாக இனித்தது. காரணம், ஸ்வப்னாவுக்கு இடது காது கேட்காது.

ஆறு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து, காய்ச்சலில் போன காது. வலது காது பாம்புக் காது. தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள், வாயாடிப் பிள்ளைகளை அடக்கி மேய்க்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் முதலில் வந்த இரண்டு இடங்களில் இந்த விஷயத்தைச் சொன்னதும், காப்பியைக் குடித்துவிட்டு, ஜாதகத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று எழுந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக வந்த வடசேரி இடத்தில் தாணுமாலயன் வாயைத் திறக்கவில்லை. தாலி ஏறிவிட்டால் அப்புறம் யார் என்ன செய்ய முடியும்? பதினைந்து நாள் கல்யாணச் சந்தடியில் மேளச் சத்தத்துக்கு நடுவே எந்தக் காது கேட்கிறது, எந்தக் காது கேட்கவில்லை என்று எவன் பார்க்கப் போகிறான்? இந்தக் கணக்கில்தான் அவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தத் தூக்கத்தில் மண். தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கிருஷ்ணகுமார் போனில், "மாமா, தண்ணி விட்டா ராத்திரி உறையுது, காலைல மழை பெஞ்சு கரைச்சிட்டுப் போவுது. ஒரு தளம்கூட இன்னும் தொறக்கல்ல. எங்க ஆபீஸ்ல எல்லாரையும் லீவுல போவச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் வந்தா ரெண்டு மாசம் நிப்பேன். கல்யாணத்த மாசியிலயே வச்சுக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டான்.

ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் அவன் இங்கே இருந்தால் பெண்ணைப் பார்க்க வருவான், பேசுவான், பழவங்காடிக் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கக் கூட்டிப் போவான். ரோட்டில் அவளுக்கு இடது பக்கமாக நடந்துகொண்டு ஏதாவது கேட்பான். அவள் பதில் சொல்லாமல் போவாள்.

பிறகுதான் அவர் புத்தி அவர் பாணியில் வேலை செய்யத் தொடங்கியது. அவன் எதற்கு வருகிறான்? ஐஸ் இல்லை என்பது சாக்கு. எவனோ, எவளோ, காது விஷயத்தை வடசேரியில் ஊதிவிட்டார்கள். நேரில் வந்து சோதித்துப் பார்க்கப் போகிறான். வடசேரி இருக்கிற நாஞ்சில் நாட்டில் பெண் எடுப்பதற்குமுன் ஆளனுப்பி விசாரிப்பது வழக்கம். தெருமுனைக் கடையில் வெற்றிலை வாங்குகிற மாதிரி நின்று குடும்பத்தின் ஏழு தலைமுறையையும் கறந்துவிடுவார்கள். இவன் கனடாவிலிருந்து தானே புறப்பட்டு வருகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்களெல்லாம் அவருக்கு உளவாளிகளாகத் தெரிந்தார்கள். ஓர் ஆள் கதவுக்குக் கொண்டி வாங்க வந்து, "மகளுக்குக் கல்யாணம் சரியாயாச்சு அல்லே?" என்று சும்மா கேட்டுவைத்தான். "உமக்குக் கொண்டி வேணுமா, கல்யாணம் வேணுமா?" என்று எரிந்து விழுந்தார். அந்த ஆள் இரண்டும் வேண்டாம் என்று அடுத்த கடைக்குப் போனான். மீனுக்கு ஐஸ் அடிக்கிற பாக்டரி வைத்திருந்த ஒரு பழைய வாடிக்கைக்காரரிடம், குளிர் தேசத்தில் தண்ணீர் உறையாமல் இருக்குமா என்று ஆழம் பார்த்தார். "கரண்ட் போனா ஒறயாது" என்றார் அவர். மைதானத்துக்குக் கரண்ட் எதற்கு? ஆக, பொய்தான்.

சரி, சொன்னது யார்? காது விஷயம் தெரிந்தவர்களை அவர் மனதுக்குள் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். சுப்புலக்ஷ்மி சொல்லமாட்டாள். அப்போது பார்த்த டாக்டர் செத்துப்போனார். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோன இரண்டு இடத்துக்காரர்களும் வடசேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். மிச்சம் இருந்தது கரமனையில் குடியிருக்கும் தங்கை முத்தாரம்மாள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான். அவள் மகனுக்குத்தான் ஸ்வப்னா முறைப்பெண். போன வருஷம் வெற்றிலைத் தட்டோடு வந்து, "காது கெடக்கட்டு அண்ணா, எம் மருமவளா வந்தாப் போரும்" என்று கேட்டாள். பையன் சாதாரண கிளார்க் என்று தாணுமாலயன் தட்டைத் திருப்பி அனுப்பினார். அந்த வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது! உடனே டெலிபோனை எடுத்தார்.

"வடசேரியில என்னட்டி சொன்ன?"

"வடசேரியிலயா? ஆருகிட்ட அண்ணா?"

"நடிக்காத. எம் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டல்லா? இனி கல்யாணப் பந்தல்ல ஒன் நெழலு விழப்பிடாது, பாத்துக்கோ."

"நான் ஒண்ணும் சொல்லல்ல அண்ணா..." என்று அவள் தொடங்குவதற்குள் ரிசீவரை வைத்துவிட்டார். சுப்புலக்ஷ்மி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கிருஷ்ணகுமாரும் அவன் அம்மா சரஸ்வதியம்மாளும் வருகிற அன்று காலையிலேயே தாணுமாலயன் கடைக்கு லீவு விட்டார். முன்னறை நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டார். ஸ்வப்னாவின் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி, அவளுடைய இடது பக்கத்தில் ஒரு நாற்காலி, வலது பக்கத்தில் ஒன்று. வலது நாற்காலிக்கு நேர்மேலே ஃபேன். மாப்பிள்ளையை அங்கே உட்கார்த்தவேண்டும். அம்மாக்காரி இடது பக்கம். அவள் கேட்பதற்கெல்லாம் தாமே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடலாம். கோட்டைக்குக் காவல் போடுகிற சேனாதிபதிகூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டான்.

அவர்கள் வந்தார்கள். சரஸ்வதியம்மாள் கனத்த சரீரம், வெயிலில் வந்த களைப்பு வேறு. "அப்பாடா, காத்து!" என்று நேராகப் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். தாணுமாலயனின் சேனை முதல் அடியிலேயே சிதறியது.

"அங்கன இருக்காண்டாம், இங்கன வாங்க" என்றார்.

"இது போரும் அண்ணாச்சி. நல்ல காத்து வருகு."

மீதி இருந்தது இடது பக்க நாற்காலிதான். ஸ்வப்னா காப்பித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கிருஷ்ணகுமார் இடது நாற்காலிக்கு அருகே போய் நின்றான். உட்காரவில்லை. அதைத் தூக்கினான். காப்பி டம்ளர் ஒரு கையில் இருக்க, எல்லாருக்கும் முன்னால் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவுக்கும் ஸ்வப்னாவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், அவளுடைய வலது பக்கத்தில், போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

தாணுமாலயனுக்கு உச்சியில் சூடு ஏறியது.

"அப்போ தெரியும்!" என்று எழுந்துவிட்டார். "எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கு. ஐஸ் இல்ல, மண்ணாங்கட்டி இல்லன்னு எங்கிட்ட எதுக்குத் தம்பி கத? பொண்ணுக்குக் காது கேக்குதா இல்லியான்னு பாக்க வந்தேன்னு நேராச் சொல்லப்பிடாதா? எந் தங்கச்சிதானே சொன்னா?"

கிருஷ்ணகுமார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "மாமாவுக்கத் தங்கச்சியா? அவுகள நான் பாத்ததுகூட இல்லியே."

"பின்ன ஆரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் ஸ்வப்னா. "நிச்சயம் கழிஞ்ச மறுநாளு, இவங்க சென்டருக்கு ஃபோன் விளிச்சாங்க. அப்பளே சொன்னேன். இன்ன காது கேக்காது, வேண்டான்னா இப்பளே சொல்லிடுங்கன்னு."

"ஒம்பது மாசம் முன்னயா?"

"அதே. அம்மைக்கும் தெரியும்."

தாணுமாலயன் மனைவியைப் பார்த்தார். சுப்புலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லிருந்தா நீங்க குதிச்சிருப்பியளே" என்றாள் மெதுவாக. சரஸ்வதியம்மாள் தன் பங்குக்கு, "எங்க வீட்டுலயும் தெரியும் அண்ணாச்சி. எனக்கு ரெண்டு காதும் இப்பம் சரியில்ல, அதுக்கென்ன?" என்றாள்.

இத்தனை மாதமாக அவர் பூட்டி வைத்துக் காவல் காத்த அறைக்கு நாலு பக்கமும் சுவரே இல்லாமல் இருந்திருக்கிறது. அவர் மெல்ல உட்கார்ந்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? "அப்போ எதுக்குத் தம்பி இப்படி அவசரமா வந்தது?" என்று கேட்டார்.

கிருஷ்ணகுமார் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். பலகை அடித்த மைதானம். உள்ளே ஐஸ் இல்லை. கலங்கிய தண்ணீர்தான் தேங்கிக் கிடந்தது. கரையில் நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொப்பியும் கையுறையும் போட்டு, ஹாக்கி மட்டையை ஊன்றிக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்தபடி நின்றார்கள். மழை வரவில்லை என்று வயலைப் பார்த்து நிற்பவர்களின் முகம் அந்தப் பிள்ளைகளுக்கு.

"பொய் இல்ல மாமா. அங்க உள்ள வயசானவங்க, அவங்க சின்னப்பிள்ளையா இருக்கச்சில மார்கழி பாதிக்கே ஐஸ்ல எறங்கிருவோம்னு சொல்லுவாங்க. நான் போனப்புறமே வருஷத்துக்கு வருஷம் கொறஞ்சுட்டு வருகு. ஒட்டாவாவுல பெரிய கால்வாய் ஒண்ணு உண்டு, ஒறஞ்சா ஊரே அதுல சறுக்கிட்டுப் போவும். அதுவும் இன்னும் தொறக்கல்ல. இனி வெளிய தளம் போட்டுப் பிரயோஜனம் இல்ல, மெஷின் வச்சு உள்ள ஹால்லயே ஐஸ் போடலாம்னு ஆபீஸ்ல பேசுகாங்க. அப்படி ஆச்சுன்னா எங்களப்போல ஆளுக அவங்களுக்கு வேண்டாம்." அவன் அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "அடுத்த வருஷம் எனக்கு வேலை இருக்குமோ இல்லியோ, தெரியாது. வேற வேலை தேடிப்பேன். ஆனா இத ஃபோன்ல சொல்லி முடிக்க மனசில்ல. கல்யாணத்துக்கு முன்னால ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன். வேண்டாம்னா இப்பமே சொல்லிடுங்க."

தாணுமாலயன் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு வேண்டாம்னு இல்ல" என்றாள் ஸ்வப்னா. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "எனக்கு என் காதப் பத்தி நாணம் ஒண்ணும் இல்லப்பா. நீங்கதான் அத ஒளிச்சு வச்சிய. மூணாவது இடம் வந்தப்போ அம்மைகிட்ட, கேடு சரக்க சந்தடியில தள்ளி விட்டிரணும்னு சொன்னியளே, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சா சொன்னிய?"

சொன்னது நிஜம். கடைப் பேச்சு, வாயில் வந்துவிட்டது. கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த மகளைத்தான் அப்படிச் சொன்னோம் என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாசியிலேயே கல்யாணம் என்று சரஸ்வதியம்மாள் பஞ்சாங்கத்தைக் கேட்டபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அத்தை வராம நான் மணவறையில இருக்கமாட்டேன்" என்றாள் ஸ்வப்னா.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே தாணுமாலயன் கரமனைக்கு ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று உருப்போட்டுக்கொண்டே போனார். தப்பு எம்பேர்ல, மன்னிச்சிரு. இல்லை, மாப்பிள்ளைக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு, பாத்துக்கோ. எதுவும் சரியாக வாயில் நிற்கவில்லை. தட்டியதும் முத்தாரம்மாள் கதவைத் திறந்தாள். மாவு அரைத்துக்கொண்டிருந்த கை. அண்ணனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"நான் சொல்லல்ல அண்ணா" என்றாள். "நான் பெத்த பிள்ள மேல சத்தியம். ஆருகிட்டயும் சொல்லல்ல."

"தெரியும் மக்கா" என்றார் தாணுமாலயன். ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை தெரு பார்க்க நின்று அழுதார். "நீ சொல்லல்ல, எனக்குத் தெரியும்."

அவள் நம்பவில்லை. அண்ணன் அடுத்து எதைக் கேட்டு மாட்டிவிடப் போகிறானோ என்று, மாவுக் கையால் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.