மானுக்கு விதைத்த கீரை

நகரத்தில், கியாக்டடா வட்டாரத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தேவராஜுக்கு, மாவ்பி ஊருக்கு வடக்கே காட்டோரம் இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதில் கடுகுக்கீரையும் முள்ளங்கியும் விதைத்திருந்தார். விற்பதற்கு அல்ல. அந்தப் பச்சைக்கு ஆசைப்பட்டு மான் இறங்கும், பரணில் உட்கார்ந்து சுடலாம் என்று கைப்பேசியில் பார்த்திருந்தார்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் தமிழரசி. அவளுடைய இருபத்திரண்டு வயது மகன் பாலா, ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்து ஐந்து மாதம் முன்பு ஓடிப்போனவன். எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை வேலியோரக் கீரை குறைந்திருந்தது. மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. இழுத்துக் கிழித்துத்தான் தின்னும். இதுவோ கத்தி பட்ட வெட்டு. மாலையில் அங்கே வாழையிலையில் சோறு கட்டி வைத்தாள். மறுநாள் வெறும் இலை கிடந்தது. கழுவி, நான்காக மடித்து, மேலே கல் வைத்திருந்தது. பாலா பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான் மடிப்பான். அந்த இலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் அழுதாள்.

ராணுவத்துக்கு ஆள் தேடும் வார்டு அலுவலக ஆட்கள் தினமும் அந்த வழியே போகிறவர்கள். வெட்டைப் பார்த்தால் யாரோ ஒளிந்திருப்பது தெரிந்துவிடும். அதனால் வெட்டுப்பட்ட காம்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் பிய்த்து, மான் கடித்ததுபோல் ஆக்கினாள்.

ஞாயிறு மட்டும் வருகிற தேவராஜ், பௌர்ணமி விடுமுறைக்குக் கடையை அடைத்துவிட்டு புதன்கிழமையே துப்பாக்கியோடு வந்து இறங்கினார். கீரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன தமிழரசி, மாப்பிள்ளை விருந்துக்கு வந்துட்டாரு போல."

"பன்னியா இருக்கும், சயா." முதலாளியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பன்னி கிழங்கையில்ல தோண்டும்? இது மான் வாய். இன்னைக்கே உக்கார்றேன்."

"பௌர்ணமியும் அதுவுமா உயிரைக் கொல்ல வேணாம், சயா."

"நாளைக்குக் கறி குடுத்தா மட்டும் வாங்கிக்குவ."

உண்மையைச் சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் ஆள் பிடிக்கும் அதிகாரிகளோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறவர் அவர்.

பொழுது சாய, அவர் பரண் ஏறினார். தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் மகன் இருப்பான் என்று எண்ணி, அவள் வடக்கே ஓடைப் பக்கம் ஓடினாள். "பாலா... வராதய்யா... அங்கயே இரு" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். பதில் இல்லை. அவளுக்குப் பின்னால், நிலத்தின் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது.

திரும்பி ஓடி வந்தபோது பாலா கீரைக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, நெஞ்சில் சட்டை நனைந்திருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். மூச்சு இல்லை.

தேவராஜ் பரணிலிருந்து இறங்கி வந்து துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"எலையெல்லாம் கிழிஞ்சிருந்துச்சே, தமிழரசி. நீயும் பாத்தியே. மான் கடிச்சதுதானே அது?"

அவள் மகனின் தலைமுடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டாள்.

"நான்தான் கிழிச்சேன், சயா."