தென்புறம் மணல் மேடு

கடலைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். இருப்பதோ திண்டுக்கல் பேகம்பூரில், ஒரு மாடி அறையில். கடலுக்கடியில் எடுத்த படங்களைக் கம்பெனி அனுப்பும். எங்கே மணல், எங்கே பள்ளம் என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். இது ஒரு உத்தியோகமா என்று அத்தாவுக்கு இன்னும் சந்தேகம்தான்.

அன்று காலை தம்பி நிஹால் கடலிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். அவன் கடலில் முங்கி வேலை பார்ப்பவன். கடலடிக் குழாய் ஒன்றில் கசிவு, அடைக்க இறங்கப் போகிறேன், துஆ செய் என்று எழுதியிருந்தான். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் பல்லை யார் பார்த்தது? பின்னால் கிடந்த மிதவையைத்தான் பார்த்தேன். கரையை வைத்துத் திசை பிடித்தேன். தண்ணீர் அதைத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது.



அந்தக் குழாய்க்கு ரிப்போர்ட் எழுதியது நான்தான். ‘தென்புறம் மணல் மேடு, அங்கே நின்று வேலை செய்யலாம்’ என்று எழுதியிருந்தேன். படம் எடுத்தது ஜூலையில். அப்போது நீரோட்டம் வடக்கே போகும், குறுக்கே கிடக்கும் குழாய்க்குத் தென்புறம் மணலைக் குவிக்கும். டிசம்பரில் அதே நீரோட்டம் திரும்பித் தெற்கே ஓடும், குவித்ததை அரிக்கும். கடலடித் தளம் அகலமாக இருந்தால் அரித்த மணல் அங்கேயே சுற்றிக் கிடக்கும். அங்கே தளம் ரொம்பக் குறுகல். விளிம்பைத் தாண்டினால் பெரிய ஆழம், போன மணல் போனதுதான். மேடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கும், அதற்கு மேல் குழாய் அந்தரத்தில் தொங்கும். கலங்கல் தண்ணீரில் நிஹாலுக்கு ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். வேலை டிசம்பருக்குத் தள்ளிப்போனபோது, பழைய ரிப்போர்ட்டையே தேதி மாற்றி அனுப்பினேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

நிஹாலின் போன் அணைந்திருந்தது. படகில் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொன்னுத்துரை ஐந்தாவது தடவைதான் எடுத்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், நிதானமான மனிதர். நிஹால் இறங்கிப் பத்து நிமிஷம் ஆயிற்று என்றார். படத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆளை மேலே தூக்குங்கள் என்றேன்.

“சந்தேகத்துக்கெல்லாம் தூக்க முடியுங்களா? செத்த நேரத்துல அவனே வந்துருவான்.”

அப்போதும் சந்தேகம் என்றுதான் சொன்னேன் பாருங்கள். வேலை போய்விடுமே என்ற பயம். தம்பி கீழே இருக்கும்போது இந்தப் பயமும் கூடவே வந்து நின்றது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

“சார், சந்தேகம் இல்ல. நான் எழுதுனதே தப்பு. அவன் தலைக்கு மேல குழாய் தொங்குது. தூக்குங்க.”

அவர் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். லைன் அறுந்தது. கீழேயிருந்து அம்மா, தம்பி பேசினானா என்று கேட்டாள். பேசினான் என்றேன். தெரிந்த துஆவெல்லாம் பாதியில் மறந்துபோனது.

பன்னிரண்டு நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. பாதி தூரம் மேலே வரும்போது குழாய் முறிந்து விழுந்ததாம். நான் அழுதேன். அவன் அழாதே என்று சொல்லவில்லை.

“மொதல்ல கால்ல மணல் தட்டுப்படவே இல்லக்கா. அப்பவே மேல வந்துருக்கணும். நீ எழுதுனதாச்சே, இருக்கும்னு நெனச்சு, மணலத் தேடிக் குழாய்க்கு அடியிலயே போயிட்டேன்.”