நூற்று இருபதில் காணாமல் போன நான்கு

பட்டத் தகுதி அறிக்கையை அவள் வரிசையில் நின்றபடியே மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டாள். பட்டம் பெறத் தேவையான கிரெடிட் நூற்று இருபது. இதுவரை முடித்தது நூற்று இருபது. அதற்கு அடுத்த வரியிலேயே சிவப்பு எழுத்தில்: மீதம் நான்கு. பட்டத்துக்கான தகுதி முழுமை பெறவில்லை.

கல்லூரிப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலில் அவள் முறை வந்தது.

"சார், நூத்தி இருபது வேணும்னு போட்டிருக்கு. நூத்தி இருபது இருக்குன்னும் போட்டிருக்கு. அப்புறம் எப்படி நாலு பாக்கி வரும்?"

எழுத்தர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது."

"காட்டுறது எனக்கும் தெரியுது. ஏன் காட்டுதுன்னு கேட்கிறேன்."

"அளவியல் லேப் நீங்க முடிக்கல. நாலு கிரெடிட். அடுத்த பருவம் எடுத்து முடிச்சிடுங்க."

"அதை நான் ரெண்டாம் வருஷமே முடிச்சாச்சு. எண்பத்தொரு மார்க்."

"சிஸ்டத்துல இல்லையே. அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர் ஏற்கெனவே அவள் தோளுக்கு மேலாகத் தன் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்த ஒரே பெண். பகலில் கிரீஸ் படிந்த கையோடு லிஃப்டின் கூரைமேல் ஏறி நிற்பவள், மாலையில் கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். மின்பொறியியல் பட்டப்படிப்பு. சேர்ந்து ஆறரை வருடம் ஆகிவிட்டது. கூடப் படிப்பவர்கள் அவளை 'லிஃப்ட் அக்கா' என்றார்கள்.

இப்போது அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனியில் பாதுகாப்பு ஆய்வாளர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. பழுது பார்த்தவர்களின் வேலையைச் சோதித்து, இந்த லிஃப்டில் மனிதர்கள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடும் வேலை. அனுபவம் அவளுக்கு வேண்டிய மட்டும் இருந்தது. பட்டம் மட்டும்தான் கேட்டார்கள், அதுவும் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள்.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா கணவனை இழந்த பிறகு இவளோடுதான் இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே, "இந்த வயசுல பட்டம் வாங்கி எந்த மைதானத்துல விடப் போற?" என்று கேலி செய்பவள் அவள். வகுப்புள்ள நாட்களில் இவளுக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்தனுப்பியதும் அவள்தான்.

"நாலுதானேடி. இன்னொரு ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துடேன்."

"முடிச்ச பாடத்தை எதுக்குக்கா மறுபடி படிக்கணும்?"

"அவங்க இல்லைங்கிறாங்களே."

"இல்லைன்னு சொல்லிட்டா இல்லாம போயிடுமா?"

மறுநாள் மதியம், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் உட்கார்ந்து, அறிக்கையின் ஒன்பது பக்கங்களையும் தரையில் பரப்பினாள். அதுவரை அவள் அதை முழுதாகப் படித்ததே இல்லை. யாரும் படிப்பதில்லை. பச்சை எங்கே, சிவப்பு எங்கே என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் வழக்கம்.

பொதுப்பாடம் முப்பத்தாறு, முடிந்தது. விருப்பப் பாடம் இருபத்துநான்கு, முடிந்தது. துறைப்பாடம் அறுபதில் ஐம்பத்தாறு. அங்கேதான் சிவப்பு: அளவியல் ஆய்வகம், எண் 231. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனாள். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு தலைப்பு: எந்தப் பிரிவிலும் சேராத பாடங்கள். அதன் கீழே ஒரே ஒரு வரி. அளவியல் ஆய்வகம், எண் 214, நான்கு கிரெடிட், மதிப்பெண் எண்பத்தொன்று.

அவள் பாடம் அங்கேதான் இருந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆளைக் காணவில்லை என்று புகார் எழுதிய கதையாக இருந்தது. நடுவில் பாடத்திட்டம் மாறியபோது அதே ஆய்வகத்துக்குப் புது எண் கொடுத்திருக்கிறார்கள். பழைய எண்ணைச் சிஸ்டம் ஒதுக்கித் தள்ளிவிட்டது. ஆனால் புதுப் பாடத்திட்டத்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். வலது மூலையில் 'பொருந்தும் பாடத்திட்டம்' என்று ஓர் ஆண்டு போட்டிருந்தது. அவள் சேர்ந்த ஆண்டு அல்ல. அதற்கு மூன்று வருடம் பிந்தியது.

கல்லூரி விதிப் புத்தகத்தில் பதினேழாம் விதியைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு மதியங்கள் ஆயின. மாணவர் தாம் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டப்படியே பட்டம் முடிக்கலாம். தொடர்ந்து இரண்டு பருவங்களுக்கு மேல் படிப்பை நிறுத்தியவர் மட்டும், திரும்பி வரும் ஆண்டின் பாடத்திட்டத்துக்கு மாற்றப்படுவார்.

மூன்றாவது வருடத்தில் அவள் லிஃப்ட் குழிக்குள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்துத் தைத்தார்கள். பேனா பிடிக்க முடியாமல் நின்றது சரியாக இரண்டு பருவம். இரண்டுக்கு மேல் இல்லை.

'மேல்' என்ற அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனாள்.

பதிவாளர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். புத்தகத்தைப் படித்தார், அறிக்கையைப் படித்தார், மறுபடியும் புத்தகத்தைப் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"இதை இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம்மா. ஒரு கருணை மனு எழுதிக் கொடுத்துடுங்க. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு வாரத்துல சான்றிதழ் வந்துடும்."

படிவத்தில் வாசகம் அச்சடித்தே இருந்தது. என் கவனக்குறைவால் மேற்கண்ட பாடத்தை முடிக்கத் தவறிவிட்டேன். அருள்கூர்ந்து விலக்கு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மதிப்பெண் பட்டியலில் நட்சத்திரக் குறியிட்டு 'சிறப்பு விலக்கு' என்று பதியப்படும் என்று ஒரு குறிப்பு.

பேனாவைக் கையில் எடுத்தாள். பத்தாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடியைத் திரும்பப் போட்டு பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"நான் தவறலையே சார்."

"அது வழக்கமான வாசகம்மா. யாரும் படிக்கப் போறதில்ல."

"நான் படிச்சுட்டேனே."

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசிக்கணுமா?"

"நான் கேட்கிற வேலையே கையெழுத்துப் போடுற வேலைதான் சார். அதை நம்பித்தான் ஜனங்க லிஃப்ட்ல ஏறுவாங்க. நடக்காததை நடந்ததுன்னு எழுதியா அந்த வேலைக்குப் போறது?"

"அப்போ கல்விக்குழுவுக்குத்தான் போகணும். அவங்க கூடுறது அடுத்த மாசம் இருபத்திரண்டு. உங்க தேதி தாண்டிடும்."

"தாண்டட்டும்."

குரல் உறுதியாக வந்தது. படிவத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஒரு கோட்டு மேல உன் பேரை எழுதினா முடிஞ்சது. ஆறு வருஷம் ஓடினதை இப்படி வாசல்ல வந்து கொட்டிட்டு நிக்கிறியே."

"கேளுக்கா. அந்த சிஸ்டம் என்னை மட்டும் தனியா தேடிப் பிடிச்சு மாத்தியிருக்காது. ரெண்டு பருவம் நின்ன அத்தனை பேரையும் மாத்தியிருக்கும். நான் மனு கொடுத்தா என் பேப்பர் மட்டும் சரியாகும். பழுது அப்படியேதான் இருக்கும்."

அக்கா துணியை மடித்து வைத்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் திடீரென்று கேட்டாள்:

"யாருடி ரெண்டு பருவம் நிப்பாங்க? பிள்ளை பெத்தவ, நோயில படுத்தவ, வீட்டுல ஒருத்தரைப் பார்த்துக்கிட்டவ. வேற யாரு?"

"அவங்கதான்."

"இதுவரைக்கும் எல்லாரும் மறுபடி படிச்சிருப்பாங்க. இல்ல, கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்திருப்பாங்க."

"ஆமா."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, துணிக்குக் குறிபோடும் தடித்த பேனாவையும் ஒரு கட்டு வெள்ளைத்தாளையும் எடுத்தாள். "உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீ சொல்லு, நான் எழுதுறேன்."

இரண்டு பருவம் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவரா நீங்கள்? உங்கள் அறிக்கையின் முதல் பக்க மூலையையும் கடைசிப் பக்க அடியையும் பாருங்கள். புதன்கிழமை மாலை கேன்டீனுக்கு வாருங்கள்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியதை மறுநாளே கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினாள். அதையும் கிழித்தார்கள். மூன்றாவது முறை பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்டினாள். அங்கே யாரும் கிழிக்கவில்லை; உட்கார்ந்து நிதானமாகப் படித்தார்கள்.

முதல் புதனன்று யாரும் வரவில்லை. தனியாக டீ குடித்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டாம் புதனன்று ஒன்பது பேர் வந்தார்கள். ஒரு வேன் டிரைவர். அறிவிப்பைப் பார்த்தது அவர் மனைவியாம். காசநோயில் ஒரு வருடம் படுத்திருந்த ஒருத்தி. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு நர்ஸ். நர்ஸ் கேன்டீன் மேஜையில் அறிக்கையை விரித்து, கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தைக் கண்டதும் அதன்மேல் விரலை வைத்தாள்.

"நான் மறுபடி படிச்சு முடிச்சேன்க்கா இதை. அப்போ கைக்குழந்தைக்கு மூணு மாசம். லேப் வாசல்ல எங்க அம்மா அதைத் தோள்ல போட்டுக்கிட்டு நிப்பாங்க. முதல் தடவை படிச்சது இங்கேயேதான் இருந்திருக்கு."



பத்தாம் தேதி வந்தது, போனது. அன்று முழுவதும் லிஃப்ட் அக்கா ஒரு பழைய மோட்டாரைக் கழற்றிப் பூட்டினாள்.

இருபத்திரண்டாம் தேதி கல்விக்குழு கூடியது. நீளமான மேஜை, ஐந்து பேர். தலைவர் ஒரு கணிதப் பேராசிரியை. பதிவாளர் ஓரத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒருவர்தான் வரலாம் என்றார்கள். அவள் மட்டும் போனாள். கதவைச் சாத்தவில்லை. மற்ற ஒன்பது பேரும் தாழ்வாரச் சுவரோரம் உள்ளே தெரியும்படி நின்றார்கள்.

"இவங்களுக்கு விலக்கு கொடுக்க அலுவலகம் தயாரா இருந்தது," என்றார் பதிவாளர். "இவங்கதான் மறுத்துட்டாங்க."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மறுத்தீங்க?"

"தேவைப்படலை மேடம். பதினேழாம் விதியைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கிறீங்களா?"

தலைவர் படித்தார்.

"ரெண்டுக்கு மேலன்னா எதுலேர்ந்து ஆரம்பிக்கும் மேடம்?"

"மூணுலேர்ந்து."

"நான் நின்னது ரெண்டு. வெளியில இருக்கிற ஒன்பது பேரும் படிப்பை நிறுத்தினது ரெண்டுதான்."

மேஜையில் ஒருவர் இருமினார். பதிவாளர் காகிதங்களைப் புரட்டினார். "சிஸ்டத்தை அமைச்சவங்க ரெண்டுலேர்ந்துன்னு போட்டுட்டாங்க போல. அஞ்சு வருஷமா அப்படியே நடைமுறையில இருக்கு. இப்போ மாத்தினா பழைய பதிவெல்லாம் கலைஞ்சிடும்."

அவள் மேஜையருகே ஓர் அடி முன்னால் வந்தாள். "சார், லிஃப்ட்ல எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாதுன்னு எழுதியிருக்கும். எட்டாவது ஆள் ஏறினதுமே மணி அடிச்சா நாங்க லிஃப்டைத்தான் சரி பண்ணுவோம். அஞ்சு வருஷமா அடிக்குதேன்னு விட மாட்டோம். எட்டாவது ஆளை இறக்கி, என் கவனக்குறைவுன்னு எழுதி வாங்க மாட்டோம்."

தாழ்வாரத்தில் வேன் டிரைவர் சிரித்தது உள்ளே கேட்டது. தலைவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பதிவாளர் பக்கம் திரும்பினார்.

"மொத்தம் எத்தனை பேரு இப்படி?"

பதிவாளருக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்துச் சொல்ல நான்கு நாள் பிடித்தது. அறுபத்து மூன்று பேர்.

எல்லோருடைய அறிக்கையும் திருத்தப்பட்டது. அவளுடையதில் நட்சத்திரம் இல்லை, விலக்கு இல்லை. நூற்று இருபதுக்கு நூற்று இருபது. சான்றிதழ் கைக்கு வந்தபோது ஆய்வாளர் வேலை வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. "அன்னிக்கே அந்த மனுவைக் கொடுத்திருந்தீங்கன்னா நீங்கதான்," என்றார் மேற்பார்வையாளர், வருத்தமாகத்தான். அவளுக்கும் வலித்தது. மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்தபோது ஒன்று தெளிவாக இருந்தது. அந்தப் படிவம் மறுபடி முன்னால் வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டாள். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று மேற்பார்வையாளரைக் கேட்டு, விண்ணப்பத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் நர்ஸ் போன் செய்தாள். அவள் அறிக்கையும் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் மதிப்பெண் பட்டியலில், அந்த ஆய்வகத்துக்கு எதிரே 'மறுமுறை எழுதியவர்' என்ற குறிப்பு அப்படியே இருந்தது. வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம், ஒரு பாடத்தில் தோற்றவள் என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்.

இருவரும் சேர்ந்து பதிவாளர் அறைக்குப் போனார்கள். நர்ஸின் குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. லிஃப்ட் அக்காவைப் பார்த்ததும் பதிவாளர் பெருமூச்சு விட்டார்.

"இன்னும் என்னம்மா? உங்களுக்குத்தான் எல்லாம் கிடைச்சாச்சே."

"எனக்குக் கிடைச்சாச்சு சார். இவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு பொய் இருக்கு. அதை எடுக்கணும்."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "அச்சடிச்ச பட்டியலை மாத்துற அதிகாரம் எனக்கில்ல. குழுதான் முடிவு பண்ணணும். அவங்க கூட இன்னும் மூணு மாசம் இருக்கு."

நர்ஸ் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும் சார்," என்றாள். "தேதியைச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்."